பால் வாகனத்துக்கு வந்த கனடா மூக்கு

1. சத்தம்

அந்தச் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டபோது கிளிநொச்சியிலுள்ள என் கராஜில் வேலை செய்துகொண்டிருந்த எல்லோரும் ஸ்பனரைக் கீழே வைத்துவிட்டார்கள். வாகனம் ஒன்றும் புதிதல்ல. தர்மபுரம் பக்கத்துக் கிரவல் வீதிகளில் பால் ஏற்றிக் களைத்துப்போன பழைய டீசல் டபிள் கப் பிக்கப். அன்று அக்சிலேற்றரை மிதித்ததும், ஊர்க் காற்றையெல்லாம் ஒரே இழுப்பில் இழுத்துவிடுவதுபோல மூச்செடுத்தது. எனக்கே உடம்பு சிலிர்த்தது.

வாகனத்தின் சொந்தக்காரி சிவராணி. விடிந்தால் வீடு வீடாகப் பால் எடுத்துக் குளிரூட்டும் நிலையத்தில் கொடுப்பவர். கணவர் இல்லை. அந்த வாகனம்தான் வீட்டின் உழைப்பாளி. அது ஒரு கிழமை படுத்தால் பால் தருகிறவர்கள் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள். அவருடைய தம்பி ரவி கனடாவில் லொறி ஓட்டுகிறார், ஓய்வு கிடைத்தால் ஜீப்பில் மலையேறுகிற ஆசாமி. அவர் அனுப்பிய பெட்டியில் சொக்கிலேற்றுக்கும் சவுக்காரத்துக்கும் நடுவில் பளபளவென்று ஓர் அலுமினியக் குழாயும் சிவப்புக் கூம்பு பில்டரும் இருந்தன. கோல்ட் எயார் இன்டேக்.

"அண்ணை, தம்பி ஆசையா அனுப்பினவன். பூட்டாட்டி முகம் சுருங்கிப் போவான்," என்றார் சிவராணி.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எஞ்சினுக்கு டீசல் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதனால் எரிதல் நன்றாக நடக்கும். கம்பனி தருகிற கறுப்பு எயார் கிளீனர் பெட்டியைக் கழற்றிவிட்டு, திறந்த கூம்பு வழியாகக் காற்றை இழுக்கிறதுதான் இந்தச் சாமான். இழுவை கூடும் என்பார்கள்.

பூட்டும்போது ரவி வட்ஸ்அப் வீடியோவில் நின்றார்.

"அண்ணை, இன்னும் கீழ இறக்குங்கோ. பம்பருக்குப் பின்னால. அங்கதான் குளிர் காத்து."

"தம்பி, இஞ்ச ஆடி மாசத்தில குளிர் காத்து எங்க கிடக்கு? அடுப்புக்கு முன்னால நிக்கிற மாதிரிக் கிடக்கு."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சொன்ன இடத்திலேயே பூட்டினேன். "தண்ணிக்குள்ள மட்டும் இறக்காதேங்கோ தங்கச்சி," என்று சிவராணிக்குச் சொல்லிவிட்டு, பழைய பெட்டியை உரப்பையில் சுற்றி இறாக்கைத் தட்டில் வைத்தேன்.

இழுவை கூடியதா என்று கொஞ்ச நாள் கழித்துக் கேட்டேன். "சத்தம் முன்னால போகுது அண்ணை. வாகனம் பழையபடிதான் பின்னால வருது," என்றார்.

2. வெந்நீர்

சோளகக் காற்றில் புழுதி எழும்பிய நாட்களில் சிவராணி திரும்பி வந்தார். புகை கூடிவிட்டதாம். பில்டருக்கு அப்பால், சுத்தமாக இருக்க வேண்டிய குழாய்க்குள் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்தேன். துணி செங்கல் நிறத்தில் வந்தது. பில்டரோ கோயில் விளக்குமாதிரிப் பளிச்சென்று இருந்தது. எனக்குப் பிடிபடவில்லை.

"இந்தப் பில்டரை என்ன செய்தனீங்கள்?"

"நான் பால் வடிதுணி கழுவேக்க இதையும் சேர்த்துச் சுடுதண்ணியில சவுக்காரம் போட்டுக் கழுவிக் கொடியில போடுறனான். ஒரு நாளும் விடுறேல்லை."

"அதில எண்ணெய் பூசிக் கிடந்ததே?"

"ஓம், ஒரே பிசுக்கு. போக்காட்டப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!"

நான் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தேன். அந்தப் பிசுக்குத்தான் புழுதியைப் பிடிப்பது. அது போனபின் அந்தப் பில்டரை நம்புவது, நுளம்பு வலையில் மா அரிக்கிற வேலை. பால் சேகரிக்கிற கை, அழுக்கென்று கண்டதை விடாது. அதைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை.

இறாக்கையிலிருந்த பழைய பெட்டியை இறக்கித் திறந்து காட்டினேன். புழுதி வருகிற பக்கத்தில் செம்மண், பதர், காய்ந்த தும்பி ஒன்று. கடதாசிப் பில்டருக்கு மற்றப் பக்கத்தை விரலால் தடவச் சொன்னேன். தடவினார். விரலில் ஒன்றுமே ஒட்டவில்லை.

முன்பு கண்ணிவெடி அகற்றும் நிறுவனமொன்றின் வாகனப் பகுதியில் வேலை செய்தேன். நாள் முழுக்கப் புழுதியில் குளித்து வரும் ஜீப்புகளின் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு இதே வியப்புத்தான். வெளியே வன்னி மண் முழுவதும் அப்பிக் கிடக்கும். உள்ளே, ஒரு கடதாசி மடிப்புக்கு அப்பால், சோறு போட்டுச் சாப்பிடலாம். ஒரு தும்மல்கூட இல்லாமல் எஞ்சின் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

"இந்தப் பெட்டியின்ர வாயைப் பாருங்கோ. பூட்டினா மேல, மட்காட்டுக்குள்ள நிக்கும். வெளிக் காத்தைத்தான் எடுக்குது. கம்பனிக்காரன் குளிர் காத்தை எப்பவோ தந்திட்டான்."

"விளங்குது அண்ணை. ஆனா தம்பி மார்கழியில வாறான். ஒருக்கா ஓடிப் பாக்கட்டும். பிறகு கழட்டுவம்."

குழாயைத் துடைத்து, பில்டருக்கு எண்ணெய் பூசி அனுப்பினேன்.

3. மிடறு

மார்கழி மழையில் குளம் நிரம்பி வழிந்து வான் பாய்ந்தது. வான் பாய்ந்தால் எங்கள் சனம் வீட்டில் இராது. கச்சான் கடலை வாங்கிக்கொண்டு பார்க்க வந்துவிடும். நானும் போனேன். வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. உழவு இயந்திரங்கள் கடந்தன. பழைய ஜீப் ஒன்றும் கடந்தது. அதைப் பார்த்துவிட்டு ஒரு டபிள் கப் தண்ணீருக்குள் இறங்கியது. ஓட்டியவர் ரவி. பக்கத்தில் சிவராணி. பின்னால் பால் கான்கள்.

இரண்டு கைகளையும் உயர்த்திக் கத்தினேன். தண்ணீர் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? நடு வீதியில், பம்பரும் அதற்குப் பின்னாலிருந்த கூம்பும் மூழ்கிய இடத்தில், எஞ்சின் நின்றது.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி ஓடினேன். ஒரு முறை செல்ப் அடித்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். எஞ்சின் காற்றை நசுக்கும். தண்ணீரை நசுக்க எதனாலும் முடியாது. பிஸ்டனைத் தள்ளுகிற கொன்ரொட் தண்டு வளைந்துவிடும். அத்தோடு சிவராணியின் பிழைப்பும் போய்விடும்.

நான் கிட்டப் போனபோது திறப்பு சிவராணியின் பொத்திய கைக்குள் இருந்தது.

"ஏனக்கா நிப்பாட்டினீங்கள்? தாங்கோ, ஒருக்கா செல்ப் அடிப்பம்," என்றார் ரவி.

"தரமாட்டன். அது தண்ணி குடிச்சிட்டுது."

"எப்பிடித் தெரியும்?"

"மிடறு முறிக்கிற சத்தம் கேட்டது. கையை நீட்டித் திறப்பைத் திருப்பி உடன நிப்பாட்டிப்போட்டன்."

தண்ணீருக்குள் அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை கால வேலையில் அப்படி ஒரு காதை நான் கண்டதில்லை.

பார்க்க வந்த சனமே பால் கான்களை ஓர் உழவு இயந்திரத்தின் பெட்டிக்கு மாற்றியது. இன்னொன்று வாகனத்தைக் கராஜுக்கு இழுத்து வந்தது. தண்ணீர் வெளியேற வழிவிட, நாலு சிலிண்டரின் ஹீற்றர் பிளக்கையும் கழற்றி, எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டுச் செல்ப் அடித்தேன். ஒரு துளையிலிருந்து தண்ணீர் பீறிட்டுக் கூரைத் தகரத்தில் அடித்து எங்கள் தலையில் மழையாகக் கொட்டியது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு இன்னும் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தால்?

தண்ணீர் முழுவதும் போனபின் ஒவ்வொரு சிலிண்டரிலும் கொம்பிரஷன் மீற்றரை வைத்தேன். தண்டு வளைந்திருந்தால் முள் பாதியில் நிற்கும். சிவராணி கதிரையில் இருக்காமல் மீற்றரைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். முதலாவதில் முள் ஏறியது. இரண்டாவதிலும் அதே இடம். மூன்றாவது, தண்ணீர் குடித்தது. அதே இடம். நாலாவதும் அதே இடம். ஒரு மிடறு தண்ணீர் குடித்த இரும்பு ஒரு நூல்கூட வளையவில்லை.

ஓயில் மாற்றினோம். பழைய பெட்டியை ரவி தன் கையாலேயே பூட்டினார். ஸ்ரார்ட் செய்ததும் அந்தப் பழைய அடக்கமான சத்தம் வந்தது. சிவராணி பொனற்றில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு அழுதார்.

கொஞ்ச நேரத்தில் ரவிக்கு வாய் வந்துவிட்டது. "பாத்தீங்களோ அண்ணை, என்ர சாமான் சத்தமா மூச்சு விட்டபடியாத்தான் அக்காவுக்கு மிடறு கேட்டது."

சிவராணி கண்ணைத் துடைத்தபடியே சொன்னார்: "பழைய பெட்டியெண்டா அந்த உயரத்துக்குத் தண்ணியே வந்திராதடா."

இப்போதும் இளம் பெடியள் கேட்டு வருகிறார்கள். கார்ப்பட் தார் வீதியில் சத்தத்துக்காக ஓடுவதென்றால் பூட்டுங்கள், உங்கள் ஆசை. கிரவலிலும் வயலிலும் வான் தண்ணீரிலும் ஓடுகிற வாகனத்துக்கு வேண்டாம். இதற்கு மேல் நான் விளக்குவதில்லை. அவர்களுடைய எயார் கிளீனர் பெட்டியைத் திறந்து, உட்பக்கத்தில் விரல் வைக்கச் சொல்வேன். விரலைப் பார்த்துவிட்டு அவர்களே மூடிவிடுவார்கள்.

பொங்கலுக்குக் கனடாவிலிருந்து இன்னொரு பெட்டி வந்தது. சொக்கிலேற்றுக்கு அடியில் கம்பனிக் கடதாசிப் பில்டர்கள். சிவராணி ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"அண்ணை, இதைச் சுடுதண்ணியில கழுவலாமோ?"

நான் கத்திக்கொண்டு எழும்பிவிட்டேன். அவர் அதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கியிருந்தார்.