தோட்டாக் கூடு நறுக்கும் கருவியும் எரண்டைச் சூப்பும்

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் ஒரு காலத்தில் பத்திரி சுட வைத்த அரிசி மாவும் கரிந்த தோட்டாக் கூடுகளும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. ஐம்பதுகளின் கடைசி அது. என் வீட்டுக்காரருக்குக் கடைவீதியில் சுக்கு, மிளகு வியாபாரம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு தெற்கே காயல் உப்பங்கழிப் பக்கம் எரண்டை சுடப் போய்விடுவார். எரண்டை என்றால் காட்டு வாத்து. சுட்டு முடித்த தோட்டாவின் காகிதக் கூட்டை எறிய அவருக்கு மனசு வராது. எல்லாவற்றையும் பொறுக்கி வந்து மறுபடியும் வெடிமருந்தும் ஈய ரவையும் நிரப்புவார். சுட்டதில் கூட்டின் வாய் கரிந்து பிசிறு பிசிறாக நிற்கும். அதை ஒரே அளவாக நறுக்கினால்தான் ஒழுங்காக மூட வரும். நறுக்கிய பிசிறும் மருந்து நாற்றமும் என் மாவில்தான் வந்து விழும். எத்தனை தரம் சலித்தாலும் பத்திரியில் கருப்பாக ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். சீ, என்ன பிழைப்பு இது என்று இருக்கும் எனக்கு.

இருந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றால் அது என் மாமனாருக்காக. நெஞ்சுச்சளியில் படுத்தவர் பாதி உடம்பாகிவிட்டார். எரண்டைச் சூப்பு குடித்தால் சளி கரையும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. ஆனால் துப்பாக்கியில் விழுந்தது உயிரோடு கைக்குக் கிடைத்து, அல்லாஹ் பேரில் பிஸ்மி சொல்லி அறுத்தால்தான் எங்களுக்கு ஆகும். செத்த பிறகு கத்தி வைத்தது ஹராம். மாமனார் இந்த விஷயத்தில் மயிரிழை பிசகமாட்டார். கிண்ணத்தை நீட்டினால் வாங்குவதற்கு முன்னால் கேட்பார்.

"உசுரோட அறுத்ததுதானேம்மா?"

"ஆமா மாமா."

வீட்டுக்காரர் சொன்னதை நம்பி நான் ஆமா சொல்வேன். என் ஆமாவை நம்பி அவர் குடிப்பார்.

சில வாரம் என் வீட்டுக்காரர் வெறுங்கையோடு வருவார். கேட்டால் பழி முழுக்கக் கூட்டின் மேல்தான்.

"ஒரு கூடு நீளம், ஒரு கூடு குட்டை. ஒண்ணு மந்தமா வெடிக்குது, ஒண்ணு மூர்க்கமா வெடிக்குது. கைக்கு வர்றதுக்குள்ள பறவை செத்துப்போவுது. நல்லதா நறுக்குற மெஷின் ஒண்ணு கெடச்சா எல்லாம் ஒரே சீரா வெடிக்கும். றெக்கையில அடிச்சு உசுரோட இறக்கிடலாம்."

நம்பினேன். நம்பாமல் என்ன செய்ய, எனக்கா துப்பாக்கி தெரியும்?

இரண்டு கருவி வந்தது. ஒன்று கப்பல் சாமான் விற்கிற கடையில் கிடைத்தது. பித்தளைக் கைப்பிடி போட்டு, முகம் பார்க்கலாம் போலப் பளபளவென்றிருந்தது. இன்னொன்று களமசேரியில் லேத்துப் பட்டறை வைத்திருந்த ஒருவர் செய்தது. மேசை விளிம்பில் திருகி மாட்டுகிற கறுத்த இரும்பு, அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வாரம் முழுக்க என் மேசையில் இரண்டையும் மாட்டி மாட்டிச் சுற்றினார். கூடவே ஒரு கூட்டாளி. இரண்டு பேருக்கும் நான் சாயா போட்டு மாளவில்லை. என் வீட்டுக்காரர் பித்தளையில் மயங்கிவிட்டார் என்பது முதல் நாளே தெரிந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. பித்தளைக் கருவியில் நறுக்கிய கூடுகளை வரிசையாக நிறுத்தி, பத்திரிப் பலகையை மேலே வைத்தேன். பலகை ஆடியது. சுற்றச் சுற்ற அதன் அளவுத் திருகு தளர்ந்துகொண்டே போயிருக்கிறது. இரும்பில் நறுக்கியவற்றின் மேல் வைத்தேன். அசையவில்லை.

"தங்கச்சிக்குத் தோட்டாவும் தெரியுமோ?" என்று கூட்டாளி கேலி செய்தார்.

"பத்திரி பரத்துற கைக்கு மேடு பள்ளம் தெரியாதா சேட்டா? இந்த இரும்பையே எடுக்கச் சொல்லுங்க. மாமாவுக்கு ஒரு வாய் சூப்பு ஒழுங்கா கெடைக்கட்டும்."

இரும்பையே எடுத்தார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

அதுவரைக்கும் எரண்டை வீட்டுக்கு வரும்போதே உரித்து, துண்டு போட்டு வரும். படகு தள்ளுகிற வள்ளக்காரர் காயலிலேயே சுத்தம் செய்து கொடுத்துவிடுவார். புதுக் கருவி வந்த அடுத்த ஞாயிறு வள்ளக்காரருக்குக் காய்ச்சல். என் வீட்டுக்காரர் தனியாகப் போய், இறகோடு ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். "துடிச்சிட்டிருந்துச்சு, நானே அறுத்தேன்" என்றார்.

முற்றத்தில் உட்கார்ந்து கையில் எடுத்தேன். கழுத்து இறகில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அறுத்த வாய் வெளுத்துக் காய்ந்திருந்தது. வயிற்றைக் கீறினால் ரத்தம் முழுக்க உள்ளேயே கட்டிக் கறுத்துக் கிடந்தது. விவரம் தெரிந்த நாளிலிருந்து கோழி கழுவுகிறவள் நான். செத்துக் குளிர்ந்த கழுத்தில் கத்தி வைத்திருக்கிறார் என்று சொல்ல எனக்கு மார்க்கம் படித்த ஆலிம் யாரும் வேண்டாம்.

உள்ளே போனேன். அவர் அந்த இரும்பைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இது செத்த பொறவு அறுத்தது."

தலையை நிமிர்த்தவில்லை. "அப்படியெல்லாம் பாத்தா ஒண்ணும் திங்க முடியாது."

"இதுக்கு முந்தி வந்ததெல்லாம்?"

"விழறது எங்க உசுரோட விழுது? பாதி அப்படித்தான். பேசாம ஆக்கு. அத்தாவுக்கு உடம்பு தேறுனா போதும்ல."

மாமாவிடம் நான் சொன்ன ஆமா ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்தேன். ஒரு வாரமாக நறுக்கு, அளவு, சீர் என்று நடந்த கூத்து எதற்கு? இந்த மனுஷனுக்கு விளையாட ஒரு சாமான் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதற்கு என்னையும் பலகை பிடிக்க வைத்துவிட்டார்.

அவர் குளிக்கப் போனதும் அந்த எரண்டையைக் கொல்லையில் புதைத்தேன். அடுத்த வீட்டில் இருந்த பள்ளிவாசல் மோதினாரைக் கூப்பிட்டு, கூண்டிலிருந்த கோழியை அறுத்து வாங்கி, மிளகை அள்ளிப்போட்டுச் சூப்பு வைத்தேன். சளியில் மாமாவுக்கு மணமும் தெரியாது, ருசியும் தெரியாது.

கிண்ணத்தோடு போனபோது வீட்டுக்காரரும் கட்டிலருகே நின்றார். மாமா வழக்கம்போல என்னைக் கேட்டார்.

"அவங்களையே கேளுங்க மாமா" என்றேன். திருந்த ஒரு வழி விட்டேன்.

"உசுரோடதான் அறுத்தேன் அத்தா. கை நெறைய ரத்தம்" என்றார் வாய் கூசாமல்.

மாமா பிஸ்மி சொல்லிக் குடித்தார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, கிண்ணத்தின் அடியைத் தாங்கி, மெல்லச் சாய்த்துக் கொடுத்தார். "இன்னும் கொஞ்சம் குடிங்க அத்தா" என்று சொல்லி, தாடியில் வழிந்ததைத் தன் துண்டால் துடைத்தார். கிண்ணத்தில் இருப்பது அந்தச் செத்த எரண்டை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

கோழி என்று நான் கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் சாப்பிட்ட தட்டில்தான் நான் சோறு போட்டுக்கொள்வேன். அன்று ராத்திரி எனக்கென்று வேறு தட்டு எடுத்தேன். ஏன் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை.