மாமன் சீர்த்தட்டில் ஒரு போன்

விலை கூடிய இரண்டு போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது உசத்தி என்று ஒரு மண்டபமே கூடிப் பார்த்தது. அன்றைக்குத்தான் என் தம்பி எங்கள் வீட்டைவிட்டு விலக ஆரம்பித்தான். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான் வருகிறது.

தம்பிக்கு அய்யலூர்ச் சந்தையில் ஆட்டு வியாபாரம். ஆட்டின் இடுப்பில் கைவைத்து அழுத்துவான். பிறகு நெஞ்சுக்கடியில் கைகொடுத்துக் கால்கள் தரையைவிட்டு எழும்பத் தூக்கி, இறக்கி, விலையைச் சொல்லிவிடுவான். கைக்குத் தெரியாத கனம் கிடையாது என்று அவனுக்கு ஒரு நினைப்பு. கூடப் பிறந்தவள் என்பதால் எனக்கும் அந்த நினைப்பு உண்டு.

என் மகள் பெரியவளானபோது பள்ளிக்கூடப் படிப்பைச் சாக்கிட்டுச் சடங்கைத் தள்ளிவைத்து, பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த பிறகு நாள் குறித்தோம். எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் வந்து இறங்காமல் சடங்கு ஆரம்பமாகாது. பட்டு, நகை, பழத்தட்டு எல்லாம் முன்பும் உண்டு. இப்போது போனும் சேர்ந்துவிட்டது. என் புகுந்த வீட்டில் தம்பிக்கு ‘ஆட்டுக்காரன்’ என்றுதான் பெயர். அவனை நாலு வார்த்தை கேலி பேசாமல் அவர்களுக்குச் சோறு இறங்காது. அதனாலேயே அவன் வீம்பாக இருந்தான்.

“இருக்கதுலயே நல்ல போனா வாங்குவோம்க்கா. இந்தச் சீரோட அவங்க வாய அடைச்சிரணும்” என்றான்.

எனக்கும் அதுதான் ஆசை. ஒரே ஒரு நாளாவது அந்த வீட்டு ஆட்களுக்கு முன்னால் என் தம்பி நிமிர்ந்து நிற்க வேண்டும்.

திண்டுக்கல்லில் ஏசி போட்ட பெரிய கடைக்கு இருவரும் போனோம். விற்பனைக்கு நின்ற பெண் இரண்டு போன்களை எடுத்து வைத்தாள். இரண்டுமே கையைச் சுடுகிற விலை. ஒன்று அந்த வருடம் வந்தது, டைட்டானியம் சட்டம். மற்றொன்று அதற்கு முந்தைய வருடத்தது, ஸ்டீல் சட்டம், பின்னால் கண்ணாடி. திரையில் எந்நேரமும் கிளியும் மீனும் ஓடிக்கொண்டிருந்தன. தம்பி அந்தக் கிளிகளை நம்பவில்லை. தன் போனிலிருந்த கிடாயின் படத்தை இரண்டுக்கும் அனுப்பச் சொன்னான். புதுப் போனில் கிடா செக்கச்செவேலென்று இருந்தது. பழைய மாடலில், கொட்டிலில் நிற்கிற அதே மண் நிறம்.

“இதுல என் கிடா கெடா மாதிரி இருக்கு. அதுல கல்யாணத்துக்குப் பவுடர் போட்ட மாதிரில்ல இருக்கு” என்றான்.

பிறகு கைக்கு ஒன்றாக இரண்டையும் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் பார்த்தான். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“சார், லேசா இருக்கிறதுதான் சார் இப்ப காஸ்ட்லி. டைட்டானியம் சார்.”

“எந்த ஊர்லம்மா லேசா இருக்கது ஒசத்தி? கனமில்லாத பண்டத்த எம்மருமக கையில குடுக்கவா?”

கனமானதை எடுத்தான். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. பித்தளைக் குடத்திலிருந்து கிரைண்டர்வரை கனத்தைப் பார்த்துத்தான் நாங்கள் சாமான் வாங்கியிருக்கிறோம்.

சடங்கு நாளில் மேளத்தோடு சீர் வந்தது. ஒவ்வொரு தட்டிலும் சந்தனமும் குங்குமமும் வைத்துத் தருவது வழக்கம். போனைப் பெட்டிக்குள் வைத்தால் யாருக்குத் தெரியும் என்று தம்பி மனைவி அதை வெளியே எடுத்துத் தட்டில் வெற்றிலை பரப்பிப் படுக்க வைத்திருந்தாள். பானைக்கு வைப்பதுபோல, திரையின் நடுவிலேயே சந்தனப் பொட்டும் அதன்மேல் குங்குமமும் வைத்திருந்தாள். மேடையில் தட்டை இறக்கியபோது தம்பியின் முகத்தைப் பார்த்தேன். சந்தையில் நல்ல ஜோடியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவனின் முகம்.

அந்தச் சந்தோஷம் செத்த நேரம்கூட நிற்கவில்லை. என் கணவரின் அண்ணன், மகளுக்குப் பெரியப்பா, மேடையேறி ஒரு பெட்டியை அவளிடம் நீட்டினார். அவருக்குக் குழாய், டைல்ஸ் விற்கிற கடை. கடையில் ஆள் வராத நேரமெல்லாம் போன்களைப் பற்றிய வீடியோ பார்ப்பதுதான் வேலை. பெட்டியில் இருந்தது அந்த டைட்டானியம் போன். மாமன் சீர் வரும் நாளில் அதே பொருளை அவர் ஏன் வாங்கி வர வேண்டும்? தெரியாமல் வாங்கினாராம். நாங்கள் கடைக்குப் போன செய்தி என் கணவர் வழியாக அவருக்குப் போயிருந்தது எனக்கு அன்றைக்கே தெரியும்.

“மாப்பிள என்ன வாங்கியிருக்காப்புல, பாப்போம்” என்று தட்டிலிருந்த போனை எடுத்தார். “இது போன வருசத்து மாடலாச்சே! அடேயப்பா, என்னா கனம்! தலையில போட்டா ஆளு காலி.” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அதோடு விட்டாரா? திரையின் வெளிச்சத்தை வெயிலில் வைத்துத்தான் பார்க்க வேண்டுமாம். இரண்டையும் எடுத்துக்கொண்டு மண்டப வாசலுக்கு நடந்தார். போட்டோக்காரர், பந்தி முடித்துக் கை கழுவியவர்கள், மேளக்காரர்கள்கூடப் பின்னால் போனார்கள். மேடையில் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு தாய்மாமன் நின்றான். ஆரத்தித் தட்டோடு அவன் மனைவி நின்றாள். சடங்குப் பெண்ணும் வாசலைத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வாசலுக்குப் போனேன். உச்சி வெயில். இரண்டு போன்களிலும் மகளின் ஒரே படம். “சந்தனத்தப் பூசி வச்சா எப்பிடித் தெரியும்?” என்று சொல்லி, அந்தப் பொட்டைத் தன் தோள் துண்டால் அழுத்தித் துடைத்தார் பெரியப்பா. மாமன் சீரில் வைத்த குங்குமத்தை, சடங்கு முடியும் முன்னால், முகம் துடைக்கிற துண்டால்! ஓரத்து ஸ்பீக்கர் ஓட்டைகளில் சிவப்பு இறங்கி அப்படியே அப்பிக்கொண்டது.

“மங்கலத்தத் துடைக்கிறீங்களே, நல்லாவா இருக்கு?” என்று கேட்டுவிட்டேன்.

“போன்லயுமா மங்கலம்? சும்மா இரும்மா” என்றார். என் கணவர் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார்.

வெயிலில் பெரியப்பாவின் போன்தான் பளிச்சென்று தெரிந்தது. அதை மறைக்க எனக்கு வழியில்லை. தம்பியின் போனில் மகளின் முகம் மங்கி, பார்ப்பவர்களின் தலைகள்தான் கண்ணாடியில் தெரிந்தன. ஓரம் மெலிசு, கறுப்பு நல்ல கறுப்பு, ஸ்டீலில் கைரேகை விழும், டைட்டானியத்தில் விழாது என்று அவர் விளக்கிக்கொண்டே போனார். தீர்ப்பு வந்ததும் கூட்டம் பந்திக்குக் கலைந்தது. தம்பி மாலையைப் போட்டான், முறையை முடித்தான், பந்தியில் உட்கார்ந்தான். நிமிர்ந்து நிற்கட்டும் என்று நான் ஆசைப்பட்டவன், இலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

மகள் பெரியப்பாவின் போனையே எடுத்துக்கொண்டாள். “மாமா குடுத்தது கை வலிக்குதும்மா” என்றாள். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் எதைச் சொல்லி வாதாடுவது? தம்பியின் போனுக்கு நீலநிற உறை ஒன்று வாங்கிப் போட்டு பீரோவில் வைத்தேன். அவ்வப்போது எடுத்து சார்ஜ் போடுவேன். அந்த ஓட்டைகளில் குங்குமம் இருந்துகொண்டே இருந்தது.

ஒருநாள் பீரோவில் உறை மட்டும் கிடந்தது. கணவர் போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்து, தன் அண்ணன் வாங்கித் தந்ததைப் போலவே ஒன்று தனக்கு எடுத்து வந்திருந்தார்.

“ஒரு பிள்ளைக்கு எதுக்கு ரெண்டு போனு? சும்மாதானே கெடந்துச்சு” என்றார்.

“அது சீருங்க. என் தம்பி பிள்ளைக்குச் செஞ்ச சீர். அத வித்திருக்கீங்க.”

“விக்கல. மாத்தியிருக்கேன்.”

அன்றைக்கு நான் கத்திய கத்தல் தெருவுக்கே கேட்டிருக்கும். தம்பிக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுவேன் என்றேன். “சொல்லு. அவன் மனசு நோகணும்னா தாராளமாச் சொல்லு” என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் வாயைக் கட்டிப்போட்டார்.

பொங்கல் வந்தது. தம்பி கரும்புக் கட்டையும் சிறுமலை வாழைத்தாரையும் தோளில் சுமந்து வந்து இறக்கினான். அவன் வருவதற்கு முன்பே கணவர் அந்த நீல உறையை மகளின் போனில் அமுக்கி மாட்டியிருந்தார். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. “கவர் போட்டா அந்த ஆட்டுக்காரனுக்கு என்ன தெரியப்போகுது?” என்றார்.

நான் காப்பியோடு கூடத்துக்கு வந்தபோது தம்பி மகளிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

“மாமன் குடுத்த போன் நல்லா ஓடுதா தாயி? கொண்டா, பாப்போம்.”

அவள் தகப்பனைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். கொடுத்தாள். தம்பி திரையைப் பார்க்கவே இல்லை. உறையைக் கழற்றவும் இல்லை. உள்ளங்கையில் வைத்து ஒருமுறை மேலே தூக்கினான், இறக்கினான். இன்னொருமுறை தூக்கினான். அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். மகளும் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

“குடுக்கும்போது நல்லா இருந்துச்சு. எளச்சுப்போச்சே தாயி” என்றான்.

போனை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தான். “வாரேன் மச்சான்” என்று முறையாகச் சொல்லிக்கொண்டு எழுந்தான். வாசல்வரை ஓடிப்போய், “வித்துட்டாங்கடா தம்பி, எனக்குத் தெரியாம வித்துட்டாங்க” என்று அழுதேன்.

“விடுக்கா. பிள்ளைக்குக் கேக்கும்” என்றான்.

உள்ளே கணவர், “கையில தராசு வச்சிருக்கான்டி உன் தம்பி” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கப் போவதில்லை.

இந்தப் பொங்கலுக்கும் சீர் வந்தது. பஸ்ஸில் போட்டுவிட்டிருக்கிறேன், இறக்கிக்கொள் என்று தம்பி போனில் சொன்னான். பஸ் நிலையத்துக்கு நான் ஒருத்திதான் போனேன். கண்டக்டர் கரும்பையும் வாழைத்தாரையும் இறக்கிவைத்தார். குனிந்து தூக்கிப் பார்த்தேன். போன வருடத்துக்கு ஒரு கரும்பு குறையவில்லை, தாரும் அதே கனம். சுமந்து வருகிறவன்தான் வரவில்லை.