முன்பாதியின் வரலாறு

அந்தமானுக்குப் பறந்துகொண்டிருந்த ஒரு சிறிய விமானக் கம்பெனியின் வரலாற்றைச் சில ஆண்டுகளாக எழுதி வருகிறேன். யாரும் கேட்டு எழுதவில்லை. நானும் என் மனைவியும் அந்த விமானத்தில் ஒரே ஒரு முறை போயிருக்கிறோம். சென்னையில் ஏறினோம். தீவுக்கு மேலே போய்ச் சுற்றிக்கொண்டே இருந்தோம். கீழே மழை என்று திரும்பி வந்து சென்னையிலேயே இறங்கினோம். புகார் எழுதினேன். பதில் வருவதற்குள் கம்பெனியை மூடிவிட்டார்கள். யாரிடம் கோபித்துக்கொள்வது என்று தேடப் போனதுதான் வரலாறாக வளர்ந்துவிட்டது.

தேதிகளில் எனக்குப் பிடிவாதம் உண்டு. முதல் விமானம் கிளம்புவதாக அறிவித்த நாள், அது உண்மையில் கிளம்பிய நாள் இரண்டையும் தனித்தனியே குறித்திருக்கிறேன். எங்களை ஏற்றிப்போன விமானம் கடைசியில் என்ன ஆயிற்று என்பது மட்டும் தெரியவில்லை. அது தெரியாமல் புத்தகத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு அது நாங்கள் இருக்கும் மரக்காணத்துக்கே வந்து சேர்ந்தது. நீளமான லாரியில், இறக்கை இல்லாமல், உடம்பெல்லாம் வெள்ளைப் பெயிண்ட்டோடு வந்தது. உப்பளம் குத்தகைக்கு எடுத்திருக்கும் ஒருவர், ஆரோவில் போகிற கார்களை நம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் அதை ஹோட்டலாக்க வாங்கியிருந்தார். நான் ஏறி, கதவருகே இருந்த தகட்டைத் துடைத்துப் பார்த்தேன். நாங்கள் பறந்த அன்று எடுத்த புகைப்படத்தில் இருக்கும் அதே பதிவு எண்.

ஹோட்டல்காரருக்கு என்னைவிட மகிழ்ச்சி. "சார், வாசல்ல ஒரு போர்டு வெச்சிடலாம். இதோட வரலாற நீங்களே எழுதிக் குடுங்க. சிங்கப்பூர் போச்சுன்னு ஒரு வரி போட்டுருங்க."

"போகலியே."

"வழி தவறிக்கூடவா போகல?"

நடந்ததை மட்டும்தான் எழுதுவேன் என்று சொல்லி ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் மனைவியை அழைத்துப் போனேன். நாங்கள் உட்கார்ந்த பதினான்காம் வரிசையைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். வரிசை எண்களைப் படித்துக்கொண்டே போனவள் நின்றாள்.

"ஏங்க, ஒன்பதுக்கு அப்புறம் பன்னண்டு வருது."

வெளியே வெள்ளைப் பெயிண்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தவரும் அதே நேரத்தில் குரல் கொடுத்தார். முன்பக்கம் அடியில் எங்கள் கம்பெனியின் நீலம் இருந்தது. நடுவிலிருந்து பின்பக்கம் சிவப்பு வந்துகொண்டிருந்தது. சிவப்பின் மேல் வேறொரு பதிவு எண்.

ஹோட்டல்காரர் பழைய இரும்பு வியாபாரிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். அந்தக் குரலில் பதற்றமே இல்லை. "நீளமா வேணும்னு கேட்டீங்க. ஒண்ணுக்குப் பின்னாடி அடிபட்டிருந்துச்சு, ஒண்ணுக்கு முன்னாடி. நல்லத நல்லதோட சேத்துக் குடுத்தேன். இதுல என்னங்க தப்பு?"

"அப்போ நாம உக்காந்த சீட்டு?" என்றாள் மனைவி.

"இங்க இல்ல" என்றேன்.

"அந்தமானுக்கும் போகல. இப்போ சீட்டும் இல்ல. நாம எங்கயாவது போனோமா இல்லியாங்க?"

ஹோட்டல்காரர் கெஞ்சினார். "பின்னாடியையும் சேத்துக்கங்க சார். சாப்பிட வர்றவன் டேப்பு வெச்சா அளக்கப் போறான்?" வேறு கம்பெனியின் பின்பாதியை என் வரலாற்றில் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டேன். போர்டில், 'ஒன்பதாம் வரிசை வரை' என்று எழுதிவிட்டுத்தான் வரலாற்றைத் தொடங்கினேன்.

திறப்பு விழாவில் மூக்குக்கு எதிரே பூசணிக்காய் உடைத்தார்கள். பிறகு பங்குச் சாமியார் தீர்த்தம் தெளிக்க வந்தார். போர்டை முழுக்கப் படித்துவிட்டு என்னிடம், "பின்னாடியும் மந்திரிக்கலாமில்ல?" என்று கேட்டார். தாராளமாக என்றேன்.

ஒரே வாரத்தில் ஹோட்டல்காரர் என் வீட்டுக்கு வந்துவிட்டார். "எல்லாரும் ஒரிஜினல் பக்கமே கேக்கறாங்க சார். முன்னாடி நிக்க எடமில்ல, பின்னாடி ஈ ஓட்டறேன். திண்டிவனத்துக் குடும்பம் ஒண்ணு, டூப்ளிகேட்ல உக்காந்து சாப்பிடணுமான்னு எழுந்து போயிட்டாங்க. பொய் வேணாம். பின்னாடிக்கும் நெஜமா ஒண்ணு எழுதிக் குடுங்க."

நிஜமாக எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதையே எழுதிக் கொடுத்தேன்: 'இந்தப் பாதியின் வரலாறு தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லலாம்.' அதன் பிறகு பின்பாதியில் இடம் கிடைப்பதில்லை. கொழும்புக்குப் போனது என்கிறார் ஒருவர். லட்சத்தீவுக்கு என்கிறார் இன்னொருவர். விமானத்தில் ஏறியே இராத ஒருவர் இரண்டையும் மறுத்துவிட்டு இன்னொரு காபி கேட்டாராம்.

எனக்கு வேண்டியது எங்கள் பின்பாதி. வியாபாரிக்குப் பலமுறை போன் செய்தேன். உருக்கக் கொடுத்துவிட்டேன், மேலே கேட்காதீர்கள் என்று வைத்துவிட்டார். அப்படியே எழுதி, கடைசிப் பக்கத்தை மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன்.

"உருக்கினாங்கன்னு மட்டும் எழுதினா எப்படிங்க? நல்ல அலுமினியம். யார் வீட்லயாவது இட்லிப் பானையா இருக்கும். அதையும் போடுங்க."

"ஆதாரம் இல்ல."

"ஆதாரம் இருக்கற பாதிதான் ரோட்டோரம் நிக்குதே. நாம போனது அந்தப் பாதியிலியா?"

பேனாவை எடுத்தேன். அவள் சொன்னதை எழுதி, 'இருக்கலாம்' என்று முடித்தேன்.