மலையாண்டியின் பேய் ஆல்பம்

மலையாண்டி என்னைவிடப் பெரிய கலைஞன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறந்தாங்கிப் பக்கம் திருவிழாக் கச்சேரிகளில் இருபது வருஷம் நான் கீபோர்டு, அவன் கிடார். எங்கள் தொழிலில் ஒரே பாராட்டுதான்: "அப்படியே கேசட் கேட்ட மாதிரி இருந்துச்சு." அதை வாங்குவது நான். நடுவில் சொந்தமாக எதையாவது நுழைத்துத் திட்டு வாங்குவது அவன். திட்டு வாங்கிவிட்டும் சிரிப்பான்.

பிறகு குவைத்துக்குப் போனான். ஆளில்லாத ஒரு பங்களாவுக்கு ஆறு வருஷம் காவல். பொழுது போகாமல் பழைய ஆங்கிலப் பேய்க்கதைகளாகப் படித்துத் தள்ளியிருக்கிறான். பாழடைந்த மாளிகை, மாடியறையில் பூட்டி வைத்த மனைவி, செத்த பிறகும் வீட்டை விடாத பிரபு. திரும்பி வந்து, எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்தான். கடையின் பின்னறையில் அந்தக் கதைகளை ராக் ஆல்பமாகப் போட ஆரம்பித்தான். 'பூட்டிய மாடி' என்று பேர். நாலே பாட்டு, ஒன்று மட்டும் பதினெட்டு நிமிஷம். தாளம் ஏழு எண்ணிக்கையில் கிளம்பி ஒன்பதுக்குத் தாவும். இதையெல்லாம் எவன் கேட்பான் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். ஒருநாள் போய்க் கேட்டேன். வயிறு எரிந்தது. நன்றாக இருந்தது, பாவி.

"அண்ணே, அந்தப் பொம்பள உள்ள இருந்து கதவத் தட்டுற எடத்துல நீங்க வாசிக்கணும். ஒங்க இஷ்டம்தாங்க," என்றான்.

கெடுத்துவிடுவது என்றுதான் உட்கார்ந்தேன். சர்ச் ஆர்கன் ஒலியை வைத்துக்கொண்டு, தாளத்துக்குப் பின்தங்கி, சேராத சுரங்களாகப் பார்த்துப் பார்த்து அழுத்தினேன். மூன்று நிமிஷம். இதோடு தொலைந்தது இவன் ஆல்பம் என்று எழுந்தேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

போன மாதம் யூடியூபில் வந்தது. எங்கெங்கிருந்தோ பாராட்டி எழுதுகிறார்கள். பாதிப் பேர் அந்த மூன்று நிமிஷத்தைத்தான். என் மனைவி பிரகதீஸ்வரிகூட, "இத்தன வருஷத்துல நீங்களா வாசிச்சது இது ஒண்ணுதாங்க," என்றாள்.

அடுத்த வாரம் திருச்சியில் மேடை. "அதே மாதிரி வாசிச்சுருங்கண்ணே, போதும்," என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். எதை அழுத்தினேன் என்று எனக்கு ஒன்றும் நினைவில்லை. பொறாமையில் வாசித்தது, அதை எங்கே போய்த் தேடுவது? நான்கு நாளாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திக் கேட்டு, என்னையே காப்பி எடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் கேசட் மாதிரி வரவில்லை.