ஆறு நொடி ஹீட்டர்

டீசல் மெக்கானிக்குக்கு ஊர் வைத்த பெயர் பாம்புக்காது. பானெட்டைத் திறக்காமலே, சத்தத்தை வைத்தே எஞ்சினுக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். முப்பது வருடமாக அப்படிச் சொல்லிச் சொல்லி, தன் காதுக்குத் தப்பே வராது என்று அவருக்கே ஒரு நினைப்பு வந்துவிட்டது. மனுஷனைக் கெடுக்க அது ஒன்று போதாதா?

பிரசவம் பார்க்கும் நர்ஸம்மா தன் பழைய டீசல் காரை அவரிடம்தான் விடுவார். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் விடியற்காலையென்றும் பாராமல் பிரசவ வீடுகளுக்கு ஓட வேண்டிய வேலை. குளிரில் அந்தக் கார் லேசில் கிளம்பாது. எஞ்சினுக்குள் டீசல் பற்றிக்கொள்ளச் சூடேற்றித் தரும் ஹீட்டர் பிளக் நான்கும் பழைய ரகம். சாவியைத் திருப்பிவிட்டு இருபத்தைந்து நொடி காத்திருக்க வேண்டும்.

"இதுக்கு வேற வழி இல்லையாண்ணே? அங்க ஒருத்தி வலியில துடிக்கிறா, இங்க நான் எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றார் நர்ஸம்மா.

பாம்புக்காது ஆறே நொடியில் பழுக்கச் சூடேறும் புது ரகப் பிளக்குகளைப் போட்டார். பிளக்குகளுக்குக் கரண்ட் விடும் டைமர் ரிலே பழசுதான். சாவியைத் திருப்பி, அது 'டக்'கென்று பிடிக்கும் சத்தத்தைக் கேட்டார். ஜோராக இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டார்.

"ஆறு எண்ணுங்க, ஸ்டார்ட் பண்ணுங்க. அவ்வளவுதான் சிஸ்டர்."

மூன்று வாரம் கார் சொன்னபடி கேட்டது. நான்காவது வாரம் ஒரு காலையில் கிளம்பவே மாட்டேன் என்றது. நர்ஸம்மா எப்படியோ போய்ச் சேருவதற்குள் அங்கே பக்கத்து வீட்டுக்காரியே பிரசவம் பார்த்துக் குழந்தையைக் கையில் ஏந்தியிருந்தாள். யார் செய்த புண்ணியமோ, தாயும் பிள்ளையும் நலம்.

நர்ஸம்மா காரைக் கட்டியிழுத்து ஷெட்டுக்குக் கொண்டுவந்தபோது பக்கத்துக் கடை லேத்துக்காரரும் நாலைந்து பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பாம்புக்காது ஒரு பிளக்கைக் கழற்றினார்; நுனி உப்பிக் கருகியிருந்தது.

"என்ன சிஸ்டர், சாவியத் திருப்பிட்டுத் தூங்கிட்டீங்களா? இப்படிப் பொசுக்கி வச்சிருக்கீங்களே!"

"நான் ஆறுதாண்ணே எண்ணினேன்."

"எண்ணத் தெரிஞ்சா இது ஏன் கருகுது?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. லேத்துக்காரருக்கு டீ புரையேறியது. நர்ஸம்மாவின் முகம் சுண்டிப்போனது. "பதட்டத்துல கூடுதலா எண்ணிட்டேனோ என்னவோ" என்று தனக்கே சொல்வதுபோல் சொல்லிவிட்டு நடந்தார்.

எல்லோரும் போன பிறகு பாம்புக்காது சோதனை பல்பை வயரில் மாட்டிச் சாவியைத் திருப்பினார். ஆறு நொடி ஆயிற்று, பத்து ஆயிற்று, பல்பு எரிந்துகொண்டே இருந்தது. இருபத்தைந்தில்தான் அணைந்தது. ஆறில் ஸ்டார்ட் செய்தாலும் பழைய டைமர் தன் கணக்கை முடிக்கும்வரை பிளக்கைப் பொசுக்காமல் விடாது என்று அப்போதுதான் புரிந்தது. அது பிடிக்கும் சத்தத்தைக் கேட்ட மனுஷன் விடும் சத்தத்துக்குக் காத்திருக்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் பேச அது வேண்டுமே! காதும் காதும் வைத்தாற்போல் டைமரையும் பிளக்குகளையும் மாற்றி, தானே காரை ஓட்டிக்கொண்டு போனார்.

நர்ஸம்மா வாசலுக்கு வந்தார். "இனி கார் அவ்வளவா தேவைப்படாதுண்ணே. உங்க ஷெட்டுல நடந்தது ஆஸ்பத்திரிக்குப் போயிருச்சு. கார் எடுக்கத் தெரியாதவங்கள அவசரத்துக்கு எப்படி அனுப்புறதுன்னு டாக்டர் கேக்குறார். எனக்கு இனி வார்டு வேலைதானாம்."

பாம்புக்காது சாவியை நீட்டினார். "தப்பு என்னோடது சிஸ்டர். பழைய டைமர நான் மாத்தல. நீங்க சரியாத்தான் எண்ணியிருக்கீங்க."

நர்ஸம்மா சாவியை வாங்கிக்கொண்டார். பிறகு, "அன்னிக்கு நாலு பேர் முன்னாடி சொன்னீங்க. இத மட்டும் ஏன் என் வாசல்ல வந்து சொல்றீங்க?" என்றார்.

மறுநாளே பாம்புக்காது ஆஸ்பத்திரிக்குப் போய், கருகிய பிளக்குகளையும் பழைய டைமரையும் டாக்டரின் மேசைமேல் வைத்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். நர்ஸம்மா கதவோரம் நின்றிருந்தார்.

டாக்டர் அந்தச் சாமான்களைத் தொடவில்லை. எழுந்து வந்து பாம்புக்காதின் தோளில் தட்டிக்கொடுத்தார். "உங்க காதுக்கு எதுவும் தப்பாதுன்னு ஊருக்கே தெரியும். அந்தம்மாவுக்காகப் பழிய உங்க தலையில போட்டுக்கிறீங்க பாருங்க, உங்க மனசு யாருக்கு வரும்!"

"இல்ல சார், சத்தியமா நான்தான்..."

"புரியுதுய்யா, புரியுது" என்று சிரித்தபடி டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

வெளியே வந்தபோது பாம்புக்காதுக்குத் தலை நிமிரவில்லை. நர்ஸம்மா கார்க் கதவைத் திறந்தார். "ஏறுங்கண்ணே, ஷெட்டுல விட்டுர்றேன்."

சாவியைத் திருப்பி, அவர் காதில் விழும்படி ஒன்றிலிருந்து ஆறு வரை எண்ணினார். முதல் சுற்றிலேயே கார் கிளம்பியது.