கண்ணையன் கொடுத்த கள்ள ஒயர்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். கண்ணையன் எங்கள் தெருக்காரர். தொழிலில் பொய் சொல்லிப் பிழைத்தவர்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் பொய் சொல்லி அவருக்கு என்ன ஆகப்போகிறது? தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிற கதையை எவனாவது கட்டிச் சொல்வானா? நடந்ததைத்தான் சொன்னார். கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

1981, மே மாதம். கத்திரி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு வெள்ளிக்கிழமை. பாண்டிச்சேரி நெல்லித்தோப்பில் கண்ணையனுக்குக் கார் ஒயரிங் ஷெட் இருந்தது. பகல் பன்னிரண்டே காலுக்கு முருகையன் தன் வாடகைக் காரை உள்ளே கொண்டுவந்து விட்டான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு சொல்தாவிடம், அதாவது சிப்பாயிடம், வாங்கிய பழைய வண்டி. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு சிவப்பு லைட் உண்டு. ஒன்று இன்ஜின் ஆயிலுக்கு; சாவியைத் திருப்பினால் எரியும், இன்ஜின் ஓடியதும் அணையும். இன்னொன்று பிரேக் ஆயிலுக்கு. டப்பாவில் பிரேக் ஆயில் குறைந்தால் அது எரிய வேண்டும். அதுதான் செத்துக் கிடந்தது.

"பிரேக் ஆயில் கசியுதுண்ணா" என்றான் முருகையன். "சாமான் மெட்ராஸ்லேருந்து வரணும். அதுவரைக்கும் இந்த லைட்டு எரிஞ்சா ஓரங்கட்டி ஊத்திக்குவேன். சாயங்காலம் பொண்டாட்டி புள்ளய ஏத்திக்கினு கடலூர் போறேன். நாளைக்குப் பாப்பாவுக்குக் காதுகுத்து. லைட்ட மட்டும் சரியா பண்ணிக்குடுண்ணா. அத நம்பித்தான் வண்டிய எடுக்கறேன்."

"நாலு மணிக்கு வா" என்றார் கண்ணையன்.

டப்பா மூடியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே மிதவையோடு சேர்ந்த பித்தளைத் தகடு பச்சை பூத்துப் போயிருந்தது. பிரித்து, சுரண்டி, பற்றவைத்து மாட்ட இரண்டு மணி நேரம் ஆகும். மணி பன்னிரண்டு ஐம்பது. பாண்டிச்சேரியில் ஒரு மணி அடித்தால் கடைக்காரர் எல்லாரும் ஷட்டரை இழுத்துவிட்டுச் சாப்பிட்டுப் படுத்துவிடுவார்கள். நாலு மணிக்குத்தான் ஊருக்கு மறுபடி உயிர் வரும். கண்ணையன் பெண்டாட்டியை விட்டாலும் அந்தத் தூக்கத்தை விடமாட்டார்.

அதனால் தனக்குத் தெரிந்த குறுக்கு வழியில் போனார். பிரேக் டப்பாவிலிருந்து வந்த ஒயரைக் கழற்றி எறிந்தார். விரல் நீள ஒயர் ஒன்றை இன்ஜின் ஆயில் லைட்டிலிருந்து பிரேக் ஆயில் லைட்டுக்குக் கொடுத்தார். இப்போது சாவியைத் திருப்பினால் இரண்டும் சேர்ந்து எரியும். இன்ஜின் ஓடினால் இரண்டும் சேர்ந்து அணையும். பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கிற மாதிரியே தெரியும். ஆனால் ஓடுகிற வண்டியில் பிரேக் ஆயில் சொட்டு இல்லாமல் வற்றினாலும் அந்த லைட் எரியாது.

"மனசு உறுத்தலியா?" என்று கேட்டேன்.

"இல்ல. அது மாதிரி ஒம்பது வண்டிக்குப் பண்ணியிருக்கேன்" என்றார்.

பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு வேலை முடிந்தது. பேட்டரி ஒயரைக் கழற்றிப் போட்டார். சாவியைச் சட்டைப் பையில் வைத்தார். ஷட்டரை இழுத்து உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டார். தயிர்ச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தார்.

ஒன்று முப்பத்தைந்து.

சொட்... சொட்... சொட்...

குழாய் ஒழுகுகிறது என்று திரும்பிப் படுத்தார். பிறகுதான் நினைவு வந்தது. ஷெட்டில் குழாயே கிடையாது.

கண்ணைத் திறந்தார். காரின் பின்கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் கோடாக ஓடி வந்துகொண்டிருந்தது. எழுந்து போய்ப் பார்த்தார்.

பின்சீட்டில் ஒரு பெண் குழந்தை. ஆறு வயது இருக்கும். தலைமுடி முகத்தில் ஒட்டிக் கிடந்தது. பாவாடை சட்டையெல்லாம் தொப்பலாக நனைந்திருந்தது.

தாழ்ப்பாள் போட்ட ஷெட்டுக்குள் எப்படி வந்தது என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

"யாரு புள்ள நீ? சீட்ட நனைச்சு வச்சிருக்கே... எறங்குடி!"

குழந்தை இறங்கவில்லை. முன்னால் இருந்த அந்த லைட்டையே பார்த்தது.

"மாமா... லைட்டு எரியலியே."

"சாவி போடாம எப்படி எரியும்?"

"அப்பா அதையே பார்த்துக்கினு ஓட்டறாரு... எரியலியே மாமா."

கண்ணையனுக்குச் சுருக்கென்றது. தன் திருட்டை அது கண்டுபிடித்துவிட்டாற்போல ஒரு கோபம். ஸ்பேனரை எடுத்து ஓங்கினார்.

"ஓடுறியா, மண்டைய ஒடைக்கட்டுமா?"

குழந்தை அழ வாயைத் திறந்தது.

சத்தம் வரவில்லை.

தண்ணீர் வந்தது... வாயிலிருந்து... கலங்கலாக... நிற்காமல்...

ஒன்று நாற்பத்தொன்று.

பிரேக் ஆயில் லைட் எரிந்தது.

அது மட்டும்.

பேட்டரி ஒயர் கழன்றுதான் கிடந்தது. சாவி பையில்தான் இருந்தது.

அணைந்தது.

திரும்பினார். சீட்டில் யாரும் இல்லை.

தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. சீட்டைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தார். உப்புக் கரித்தது. ஆற்றுச் சேற்று வாடை.

நாலு மணிக்கு முருகையன் வந்தான். சாவியைத் திருப்பினான். இரண்டு லைட்டும் எரிந்தன. இன்ஜின் ஓடியது. இரண்டும் அணைந்தன. அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"உம் பொண்ணு இந்தப் பக்கம் வந்துச்சாப்பா?" என்றார் கண்ணையன்.

"சந்திரகலாவா? ஊட்ல அவங்கம்மாகிட்டத் தூங்குதுண்ணா. அதுக்கு இந்த எடமே தெரியாதே."

சொல்லியிருக்கலாம். "எறங்குடா, நான் ஒழுங்கா பண்ணல" என்று ஒரு வார்த்தை. வாயைக்கூடத் திறந்தாராம். சொன்னால் நாளைக்குக் கார் ஸ்டாண்டு முழுக்கச் சிரிக்குமே என்று மூடிக்கொண்டார்.

"பார்த்துப் போ" என்றார்.

அந்த மனுஷனை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

ஐந்து இருபது. கடலூர் ரோட்டில் நோணாங்குப்பம் பாலத்துக்கு முன்னால் ஒரு பஸ் சட்டென்று நின்றது. முருகையன் பிரேக்கை மிதித்தான். பெடல் தரை வரைக்கும் போனது. ஒடித்துத் திருப்பியதில் வண்டி, கடல் தண்ணீர் ஏறிக் கிடந்த ஆற்றில் பாய்ந்தது. படகுக்காரர்கள் மூன்று பேரையும் தூக்கினார்கள். முருகையனுக்கும் குழந்தைக்கும் உயிர் இல்லை. அவன் பெண்டாட்டி தையல்நாயகி மட்டும் பிழைத்தாள்.

மறுநாள் கண்ணையன் மாலையோடு முருகையன் வீட்டுக்குப் போனார். பெரிய உடலுக்குப் பக்கத்தில் சின்ன உடல். அந்த முகத்தைப் பார்த்ததும் மாலை கையிலேயே நின்றுவிட்டது. ஷெட்டில் பார்த்த அதே முகம்.

தையல்நாயகி தலையில் கட்டோடு எழுந்து வந்தாள். திட்டப் போகிறாள், காறித் துப்பப் போகிறாள் என்று நினைத்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சரியாத்தான் பண்ணிக்குடுத்தீங்க, அண்ணா. எங்க தலையெழுத்து. லைட்டு எரியல, ஆயில் இருக்குதுன்னு சொல்லிக்கினே தைரியமா ஓட்டினாரு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒண்ணுதாண்ணா எனக்குப் புரியல. வண்டி தண்ணியில எறங்கறப்போ பாப்பா என் கழுத்தக் கட்டிக்கினு சொல்லிச்சு... 'ஒயர் மாமாகிட்டப் போய்ச் சொன்னேம்மா. அடிக்க வந்துட்டாரும்மா'ன்னு. அது உங்கள எப்பண்ணா பார்த்துச்சு?"