பத்திரிகையில் ஒட்டிய துண்டு

மில்லர்புரத்தில் செல்வதுரையைப் போல ஒரு கட்சிக்காரரைக் காட்டிவிட முடியாது. அவரே அதை ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்லுவார். துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் குமாஸ்தா. ஐம்பத்தேழிலிருந்து கட்சி உறுப்பினர். அடுத்த வீட்டு அரிசிக்கடைத் தாணுலிங்கம் சேர்ந்ததோ அறுபத்தேழில், கட்சி ஜெயித்த பிறகு. அந்தப் பத்து வருஷ மூப்பைச் செல்வதுரை ஒரு நாளும் மறந்ததில்லை.

எழுபத்திரண்டில் தாணுலிங்கம் மகளுக்குக் கல்யாணம். தலைமை ஓர் எம்.எல்.ஏ. என்று பத்திரிகை அடித்துப் பாதி ஊருக்குக் கொடுத்த பிறகு கட்சி இரண்டாக உடைந்தது, எம்.எல்.ஏ. அந்தப் பக்கம் போய்விட்டார். தாணுலிங்கம் மீதிப் பத்திரிகைகளில் அவர் பெயர் மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, கட்சியிலேயே நின்ற அரசு வாரியத் தலைவர் சிவனாண்டியின் பெயரைப் போட்டார். சிவனாண்டி சர்க்கார் காரில் வந்து இறங்கினார். தெருவே கூடிவிட்டது. செல்வதுரைக்கு அன்றைக்கு வயிறு எரிந்த எரிச்சல் இருக்கிறதே, சொல்லி மாளாது. நேற்று வந்தவன் வாசலில் கார் நிற்பதா? காரைப் பற்றி வாய்விட்டுப் பேச முடியுமா? அதனால் துண்டுத் தாளைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து மாலை போட்ட கையி இன்னைக்குப் பசை தடவுது. இவனெல்லாம் ஒரு கட்சிக்காரன்!" என்று டீக்கடை, சலூன், கோயில் வாசல் ஒன்று விடாமல் நாலு வருஷம் சொன்னார். மனதுக்குள் நாலு வருஷமும் ஒரே ஆசைதான். தன் மகள் பிளாரன்ஸ் கல்யாணத்துக்கு அதே சிவனாண்டி வர வேண்டும். கார் தன் வாசலில் நிற்க வேண்டும். அதைத் தாணுலிங்கம் பார்க்க வேண்டும்.

எழுபத்தாறு பிப்ரவரிக்கு நாள் குறித்தாயிற்று. மெட்ராசுக்கே போய்ச் சிவனாண்டியை அழைத்துவிட்டு வந்தார். பத்திரிகையில் அவர் பெயர் மணப்பெண் பெயரைவிடப் பெரிய எழுத்து. முதல் பத்திரிகை யாருக்கு? தாணுலிங்கத்துக்குத்தான்!

ஜனவரி கடைசி நாளில் டில்லி, கட்சியின் ஆட்சியைக் கலைத்தது. எமர்ஜென்சி வேறு, கட்சிக்காரர்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று துறைமுகமெங்கும் பேச்சு. சிவனாண்டிக்குப் பதவியும் போயிற்று, காரும் போயிற்று. கம்பெனி மேனேஜர், "ஒம்ம வீட்டுப் பத்திரிகையைப் பாத்தேன்வே" என்று மட்டும் சொன்னார். செல்வதுரைக்கு அது போதும்.

மறுநாளே மைதாப் பசை காய்ச்சி, கொடுக்காமல் மீந்த பத்திரிகைகளில் சிவனாண்டி பெயர் மேல் தங்கள் சர்ச் சபை குருவானவர் பெயரை ஒட்ட உட்கார்ந்தார். மனைவி ஜெயபாய்க்குப் பொறுக்கவில்லை.

"தாணுலிங்கம் அண்ணாச்சியை என்னா பேச்சு பேசுனீய! இப்ப நீங்க செய்யது என்னதாம்?"

"ஏளா, அது வேற, இது வேற. அவன் செஞ்சது துரோகம். இது முன்யோசனை."

"ரெண்டும் ஒரே மைதாதான?"

"வாயை மூடிட்டு ஒட்டு."

சிவனாண்டிக்கு 'வர வேண்டாம்' என்று ஒரு கடுதாசி எழுத மட்டும் கை வரவில்லை. பதவி போன மனுஷன், எங்கே வரப்போகிறார் என்று விட்டுவிட்டார்.

வந்துவிட்டார் மனுஷன்! கோயிலில் கல்யாணம் முடிந்து, வீட்டுப் பந்தலில் பந்தி நடக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கி, கக்கத்தில் ஒரு பொட்டலத்தோடு நடந்து வருகிறார் சிவனாண்டி. தெருமுனையில் காலையிலிருந்தே மப்டியில் ஒரு போலீஸ்காரர் நின்றார். செல்வதுரை பார்த்தார், சாம்பாரைக் கவனிக்கிற மாதிரி சமையல் பக்கம் நழுவிவிட்டார். பந்தல் வாசலில் நின்றவரை 'வாங்க' என்று சொல்ல ஒரு நாதி இல்லை.

சாப்பிட உட்கார்ந்திருந்த தாணுலிங்கம் இலையை விட்டு எழுந்தார். "வாங்கண்ணாச்சி, இந்த வெயில்ல நடந்தா வாரிய? நம்ம வீட்ல வந்து ஒரு வாய் மோர் குடிங்க" என்று கையைப் பிடித்து அடுத்த வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

தொல்லை விட்டது என்று செல்வதுரை மூச்சு விட வேண்டியதுதானே? எங்கே! உடம்பெல்லாம் காந்தியது. பந்தலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து அந்த வீட்டுப் பக்கம் போனார்கள். அங்கேயிருந்து சிரிப்புச் சத்தம் வேறு.

"எம் மக கல்யாணத்துக்கு வந்தவர அவன் எப்படிக் கூட்டிட்டுப் போவான்? அவனுக்கு என்ன உரிமைங்கேன்?"

"போய்க் கூட்டிட்டு வாங்களேன்" என்றாள் ஜெயபாய். "ரெண்டு எட்டுதான?"

வேகமாகத்தான் கிளம்பினார். வாசல்படிக்கு வந்ததும் தெருமுனைப் போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். செல்வதுரைக்குக் கால் நின்றுவிட்டது.

பிளாரன்ஸ் மாப்பிள்ளையோடு அவரைத் தாண்டிக்கொண்டு போனாள். "எனக்காகத்தான வந்திருக்காவ. ஒரு வாழ்த்து வாங்கிட்டு வாரேன்ப்பா." போட்டோக்காரரும் பின்னால் ஓடினார்.

தாணுலிங்கம் வீட்டு முற்றத்தில் சிவனாண்டியை நடுவில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் மணமக்களை நிறுத்தினார்கள். "பொண்ணுக்கு அப்பா எங்க? வாங்க சார்!" என்று போட்டோக்காரர் கூவினார். செல்வதுரை ஒரு காலைத் தூக்கினார், தெருமுனையைப் பார்த்தார், திரும்பவும் படியிலேயே வைத்துக்கொண்டார். "யாராவது ஒரு பெரியவங்க நில்லுங்களேன்" என்றார் போட்டோக்காரர்.

பிளாரன்ஸின் கல்யாண ஆல்பத்தில், அப்பா நிற்க வேண்டிய இடத்தில் தாணுலிங்கம்தான் நிற்கிறார்.